குச்சுக்குள்ளிருந்து சொன்ன பதில்

எனக்கு எழுபத்து நான்கு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியவள். திருமானூர்ப் பக்கம் எங்கள் ஊரில், விசேஷ வீட்டு வேப்பமரத்தில் கட்டிய 'ரேடியோ செட்டு' பாடத் தொடங்குமுன் கரகரவென்று தொண்டையைச் செருமுமே, அந்தச் சத்தம் இத்தனை வயதிலும் என் காதைவிட்டுப் போகவில்லை.

அந்தக் குழாய் ஒலிபெருக்கி பாடினால் எங்கள் வீட்டுக்கு எதிரே இருந்த பள்ளிக்கூடத்தில் பாடம் நடக்காது. எங்கள் ஏழாம் வகுப்புத் தமிழ் வாத்தியார் கத்திப் பார்த்தார், கதவைச் சாத்திப் பார்த்தார், கடைசியில் செய்யுள் புத்தகத்தை மூடிவிட்டு, "சரி, அந்தக் குழாய்க்காரனே பாடம் நடத்தட்டும், நீங்க கேளுங்க" என்று உட்கார்ந்துவிட்டார். அன்றிலிருந்து ஊரில் யார் வீட்டுக் கல்யாணமும் காதுகுத்தும் எங்களுக்குச் செய்யுள் வகுப்புதான். பாட்டு முடிந்து இசைத்தட்டு மாற்றும் இடைவெளியில் கேள்வி வரும்: எந்தெந்தச் சொல்லில் இரண்டாம் எழுத்து ஒன்றுபோல வந்தது? அதுதான் எதுகை என்பார். அதே காதோடு புத்தகத்தைத் திறந்தால், அதுவரை முறைத்துக்கொண்டிருந்த செய்யுளும் தாளம் போட்டுக்கொண்டு வந்தது.

அந்த வருஷமே நான் பெரியவளானேன். எங்கள் பக்கத்தில் அதோடு பெண்ணுக்குப் பள்ளிக்கூடம் முடிந்தது. தாய்மாமன் தென்னங்கீற்றில் கட்டிய 'குச்சு'க்குள் என்னைத் தனியே உட்கார வைத்தார்கள். சடங்கன்று என் விசேஷத்துக்கே செட்டு பாடியது. எதிரே என் வகுப்பு பாடம் கேட்டது. நான் மட்டும் கீற்றுக்குப் பின்னால்.

ஒரு பாட்டு நின்றது. "பந்தல், சொந்தம்" என்று பிள்ளைகள் கத்தினார்கள். "இன்னொண்ணு இருக்கே, எங்க?" என்றார் வாத்தியார். பிள்ளைகள் அந்த இரண்டையே திரும்பக் கத்தினார்கள். எனக்குப் பொறுக்கவில்லை.

"சந்தனம், சார்!"

கூடியிருந்த பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். "சமைஞ்ச புள்ளைக்கு இம்புட்டுத் தொண்டையாடி? நாளைக்குப் பொண்ணு கேட்டு எவன்டி வருவான்?" என்று அத்தை கீற்றைத் தட்டினாள்.

சாப்பாட்டுக்கு வந்த வாத்தியார், என்னைத் திரும்பப் பள்ளிக்கு அனுப்பச் சொல்லி அப்பாவிடம் கேட்டார். கரும்பு வெட்டப் போகும் அப்பா தலையைச் சொறிந்தார். "வயசுக்கு வந்த புள்ளைய எப்புடி சார் அனுப்புறது?"

"நீங்க அனுப்பலைன்னாலும் அது வந்துட்டுதான் இருக்கு. காலையில என் வகுப்புல பதில் சொன்னது யாருங்க?"

அப்பாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "முழுப் பரீட்சை வரைக்கும் போவட்டும் சார். அதுக்கு மேல கேக்காதீங்க."

அதற்குமேல் அவரும் கேட்கவில்லை, நானும் போகவில்லை. ஆனாலும் ஏழாவது முடித்தவள் நான். இதை இப்போதும் கொஞ்சம் சத்தமாகத்தான் சொல்வேன்.

இன்று குழாயும் இல்லை, இசைத்தட்டும் இல்லை. விசேஷமெல்லாம் அரியலூர் மண்டபங்களுக்குப் போய்விட்டது. குச்சும் போய்விட்டது, அதற்கு நான் வருந்தவில்லை. பெரம்பலூரில் ஏழாவது படிக்கும் என் மகன் வயிற்றுப் பேத்தி போன மாதம் பெரியவளானாள். மறு வாரமே பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள். அவளுடைய டீச்சர் போனில் பாட்டுப் போட்டுத்தான் செய்யுள் நடத்துகிறாராம். அதைக் கேட்ட பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

எழுத்தெல்லாம் கோணல்மாணல். அவளிடமே கொடுத்துப் படிக்கச் சொன்னேன்.

"மனசுக்குள்ள படிச்சுக்கவா, அப்பத்தா?"

"வேணாம்டி கண்ணு. எதுத்த வூட்டுக்குக் கேக்குற மாதிரி படி."