ஆக்லாந்தில் நான் ஒரு கான்டனீஸ் டீச்சர்

கான்டனீஸ் சொல்லிக்கொடுப்பவருக்குத் தொண்டை கட்டினால் அன்றைக்கு வகுப்பே கிடையாது. ஹாங்காங்காரர்களின் இந்த மொழியில் ஒரே சொல்லைச் சுருதி மாற்றிச் சொன்னால் அர்த்தமே மாறிவிடும். மொழி வகுப்பெடுத்து நாக்கு வறண்டுபோன சகோதர சகோதரிகளே, உங்களுக்குத்தான் இது புரியும்.

திட்டா, வாழ்த்தா?

நான் மலேசியாவில் ஈப்போவில் பிறந்த தமிழச்சி. எங்கள் வரிசை வீடுகளில் சுற்றிலும் சீனர்கள். சண்டை போடுவதற்கே கான்டனீஸ் தெரிய வேண்டியிருந்தது. இங்கே நியூசிலாந்தில், ஆக்லாந்தின் ஒரு பல்கலைக்கழகத்தில் வெளிநாட்டு மாணவர்களுக்கு அதைச் சொல்லித்தரக் கூப்பிட்டபோது சந்தோஷத்தில் எனக்குச் சோறே இறங்கவில்லை.

முதல் நாள் சேலை கட்டிக்கொண்டு போய் நின்று, கான்டனீஸில் மடமடவென்று பேசி முடித்தேன். வகுப்பு வாயைப் பிளந்தது. முன்வரிசையில் இருந்த கவிதா, கோயம்புத்தூரிலிருந்து நர்சிங் படிக்க வந்தவள், தமிழில் மெதுவாகக் கேட்டாள்: "மேம், இப்ப எங்களைத் திட்டினீங்களா, வாழ்த்தினீங்களா?"

மீன் வியாபாரம்

'மாய்' என்பதைக் குரலை ஏற்றிச் சொன்னால் வாங்குவது, ஏற்றாமல் தாழ்வாகச் சொன்னால் விற்பது. ஜெர்மன் மாணவன் லூக்காஸ் இதைப் படித்த கையோடு மவுண்ட் வெல்லிங்டன் பகுதியில் ஒரு சீனர் மீன் கடைக்குப் போய், "எனக்கு மீன் விற்கணும்" என்று கணீரென்று சொல்லியிருக்கிறான். மறுநாள் வகுப்புக்கு ஓடி வந்தான். தப்பாகச் சொன்னதைப் பற்றி அவனுக்குக் கவலையே இல்லை. கடைக்காரர் தனக்குக் கான்டனீஸிலேயே பதில் சொல்லிவிட்டார், அதுவும் தனக்குப் புரிந்துவிட்டது என்று ஒரே குதூகலம். அந்தப் பதில்: "சரி தம்பி, பையைத் திற, மீனைப் பார்ப்போம்."

குளிரா, வலியா?

கவிதாவுக்கு எல்லர்ஸ்லி பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் பயிற்சி. அங்கே திருமதி வோங் என்ற பாட்டிக்குக் கான்டனீஸ் தவிர வேறு மொழி வராது. சில நாளாகக் கட்டிலை விட்டு எழுந்திருக்க மறுக்கிறார். ஒரு நாள் கவிதா முகமெல்லாம் பூரிப்பாக வந்தாள். "மேம், அவங்க 'ஹோ துங்'னு சொன்னாங்க. ரொம்பக் குளிருதுன்னு எனக்கு உடனே புரிஞ்சுடுச்சு. போர்வை போர்த்திவிட்டேன். தள்ளிவிட்டாங்க. இன்னொண்ணு போர்த்தினேன், அதையும் தள்ளிவிட்டாங்க."

எனக்குத் திக்கென்றது. 'துங்' தமிழில் எழுதினால் ஒன்றுதான், கான்டனீஸில் இரண்டு. மூச்சை விடாமல் சொன்னால் குளிர். மூச்சை ஊதிச் சொன்னால் வலி. ஒரு டிஷ்யூ தாளை என் வாய்க்கு முன்னால் பிடித்து இரண்டையும் சொல்லிக் காட்டினேன். வலிக்குத் தாள் பறந்தது, குளிருக்கு அசையவில்லை. கவிதாவின் முகம் மாறிவிட்டது. "ஊதித்தான் சொன்னாங்க மேம். என் கன்னத்துல காத்து பட்டுச்சு."

அங்கேயே நின்று இல்லத்துக்குப் போன் போட்டு என் கையில் கொடுத்தாள். அங்கிருந்த நர்ஸ் போனைப் பாட்டியின் காதில் வைத்தார். "குளிருதா, வலிக்குதா?" என்று நான் கேட்டேன். எத்தனையோ நாளாகத் தேக்கி வைத்த பேச்சு மடை திறந்து வந்தது. பாத்ரூமில் வழுக்கி விழுந்தாராம். சொல்லிப் பார்த்தும் யாருக்கும் புரியவில்லையாம். வகுப்பே என்னைச் சுற்றி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. கடைசியில் பாட்டி சொன்னார்: "அந்தப் பொண்ணு தங்கமான பொண்ணு. ஆனா இடுப்புவலியில சாகாட்டாலும் இன்னொரு போர்வை வந்தா நான் மூச்சு முட்டிச் செத்துடுவேன்."

பின்வரிசை

எக்ஸ்ரேயில் இடுப்பெலும்பில் விரிசல் தெரிந்தது. ஆபரேஷன் முடிந்து பாட்டி வாக்கரைப் பிடித்து நடந்த அன்று கவிதா வகுப்பில் வீடியோவைப் போட்டாள். கைதட்டலில் பக்கத்து வகுப்பு எட்டிப் பார்த்தது.

அடுத்த வாரம் கதவருகே நரைத்த தலையோடு ஒருவர் தயங்கி நின்றார். பென்ரோஸில் ஒரு கிடங்கில் மேனேஜராம். திருமதி வோங்கின் மகன். இங்கேயே பிறந்து வளர்ந்தவர். அம்மா கான்டனீஸில் கேட்க, அரைகுறையாகப் புரிந்துகொண்டு இவர் ஆங்கிலத்தில் பதில் சொல்லியே காலம் போய்விட்டது. பின்வரிசையில் ஒரு நாற்காலி காட்டினேன். உட்கார்ந்ததும் ஆங்கிலத்தில் சொன்னார்: "எங்கம்மாகிட்ட அந்தப் பொண்ணு பேசுற அளவுக்காவது நான் பேசணும் டீச்சர்."

இந்த வேலையில் மாணவர்கள் தப்பாகப் பேசினால் எனக்குத் தலைவலி, சரியாகப் பேசிவிட்டால் சந்தோஷத்தில் தூக்கம் போய் மறுநாளும் தலைவலி.