எட்டு கிலோ நானூறு கிராம்

வைத்திக்குப்பத்து அங்கன்வாடியில் ஜெயசித்ரா வேலைக்குச் சேர்ந்து பதினான்கு வருடம் ஆகிறது. உழவர்கரையிலிருந்து ஸ்கூட்டியில் வந்து போகிறவர். மாதாமாதம் குழந்தைகளை எடை போட்டு, உயரம் அளந்து, பதிவேட்டிலும் போனிலும் ஏற்ற வேண்டும். அதில் தன்னை யாரும் குறை சொல்ல முடியாது என்றொரு நினைப்பு அவருக்கு இருந்தது. போன ஆடி மாதம் கண்ணகி வந்து அந்த நினைப்பைக் கலைத்தாள்.

கண்ணகிக்கு இருபத்தாறு வயது. புருஷன் ஆனந்தராஜ் கடலுக்குப் போகிறவன். இவள் விடியுமுன்னே தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் மீன் ஏலம் எடுத்து, தெருத்தெருவாக விற்றுவிட்டு, பதினொரு மணிக்குத்தான் வீடு திரும்புவாள். அன்று முகம்கூடக் கழுவாமல் அங்கன்வாடிக்கு வந்துவிட்டாள். இடுப்பில் இரண்டே கால் வயது மகள் சிந்துஜா.

“டீச்சர், இவ எவ்ளோ வெயிட்டுன்னு எழுதியிருக்கீங்க?”

ஜெயசித்ரா பதிவேட்டைப் புரட்டினார். “ஒம்போது கிலோ இருநூறு.”

“இருக்காது டீச்சர். தினம் மீன் தூக்கற கை இது. தூக்குனாலே எடை சொல்லிடுவேன். இவ கொறஞ்சிட்டா. நல்லா கொறஞ்சிட்டா.”

ஜெயசித்ராவுக்குச் சுருக்கென்றது. இரண்டு மாதமாகச் சிந்துஜா எடை மேடையில் நிற்கவே இல்லை. கிட்டே கொண்டுபோனாலே வீறிட்டு அழுவாள், அவளைப் பார்த்து மற்றதுகளும் அழும். அவசரத்தில் பழைய எடையையே எழுதி வைத்திருந்தார்.

“நீ ஏறு கண்ணகி. புள்ளயத் தூக்கிக்கிட்டே ஏறு” என்றார்.

முதலில் குழந்தையோடு, பிறகு அவள் மட்டும். கழித்துப் பார்த்தால் எட்டு கிலோ நானூறு. உயரம் அளக்கும்போது கண்ணகியே கீழே உட்கார்ந்து பிள்ளையின் முழங்காலைப் பிடித்துக்கொண்டாள். எண்பத்தொரு சென்டிமீட்டர். மேற்கையில் சுற்றிய நாடா மஞ்சள் கட்டத்தில் நின்றது. வளர்த்திக்கு ஏற்ற சதை பிள்ளைக்கு இல்லை. மஞ்சளைத் தாண்டினால் சிவப்பு, அது ஆபத்து.

மறைக்க மனம் வரவில்லை. “ரெண்டு மாசமா இவள எடையே போடல, கண்ணகி. பழசயே எழுதிட்டேன். என் தப்புதான்.”

கண்ணகி வாயைத் திறந்தால் அடுத்த தெருவுக்குக் கேட்கும். மேலதிகாரியிடம் ஒரு வார்த்தை சொன்னால் ஜெயசித்ராவின் வேலைக்கே ஆபத்து. அவளோ பிள்ளையின் தலையைத் தடவிக்கொடுத்தாள்.

“இப்ப போட்டுட்டீங்க இல்ல? ஆனா ஒண்ணு டீச்சர். வெயிட்டு கொறஞ்சிதுன்னு எழுதிட்டா ஆச்சா? ஏன் கொறஞ்சிதுன்னு யாரு பாக்கறது?”

பதினான்கு வருடத்தில் அந்தக் கேள்வியை யாரும் அவரிடம் கேட்டதில்லை. அவரும் தன்னைக் கேட்டுக்கொண்டதில்லை.

மறுநாள் அங்கன்வாடியை ஆயாவிடம் விட்டுவிட்டு, காலை ஆறு மணிக்கே கண்ணகியின் வீட்டுக்குப் போனார். சிந்துஜா பக்கத்து வீட்டுப் பார்வதியிடம் இருந்தாள். அம்மா வரும்வரை அவளைப் பார்த்துக்கொள்வது பார்வதிதான், அதுவும் ஒரு பைசா வாங்காமல். பிள்ளை அழும்போதெல்லாம் டீயில் பன்னை நனைத்துக் கொடுத்தாள். பத்து மணிவரை ஜெயசித்ரா உட்கார்ந்து பார்த்ததில் மூன்று தடவை. வயிறு நிரம்பிப்போனதால் அங்கன்வாடியில் கொடுத்தனுப்பிய சத்துமாவு உருண்டையைச் சிந்துஜா தொடவே இல்லை.

“மீனு குடுப்பியாம்மா?” என்று பார்வதியிடம் கேட்டார்.

“ஐயோ, முள்ளு மாட்டிக்கும்னு பயம் டீச்சர். ரசஞ்சோறுதான். அதுவும் மாசத்துக்கு ரெண்டு வாட்டி வயித்தால போவுது, எதுவும் தங்கறதில்ல.”

ஜெயசித்ரா கண்ணகியின் வீட்டைச் சுற்றி வந்தார். குடத்துக்குத் தண்ணீர் பிடிக்கும் பிளாஸ்டிக் குழாய் சாக்கடைக்குள் கிடந்தது. தூக்கிப் பார்த்தார். முழங்கை நீளத்துக்கு வெடிப்பு. மீன் வீட்டில் மீன் தின்னாத பிள்ளை, சாக்கடை கலந்த தண்ணீர், டீயில் நிரம்பிய வயிறு. அத்தனையும் சேர்ந்ததுதான் அந்த எட்டு கிலோ நானூறு என்று அப்போதுதான் அவருக்குப் புரிந்தது.

அன்று சாயங்காலமே ஆனந்தராஜ் புதுக்குழாய் வாங்கிச் சுவரோரமாக உயர்த்திக் கட்டினான். சுகாதார நிலையத்தில் டாக்டர் பூச்சி மருந்தும் வயிற்றுப்போக்குக்குத் துத்தநாக மாத்திரையும் கொடுத்தார். பார்வதியிடம் குற்றம் சொல்வதுபோல் பேசாமல், “நீ பாத்துக்கலன்னா இந்தப் புள்ள கதி இன்னா ஆயிருக்கும்!” என்றார் ஜெயசித்ரா. மனசார வந்த வார்த்தை. டீ இருந்த இடத்தில் முட்டையும் பருப்புச் சோறும் வந்தன. கண்ணகி சுறாவை அவித்து, முள்ளில்லாமல் உதிர்த்துப் புட்டு செய்தாள். சிந்துஜா முதல் நாள் துப்பினாள். மூன்றாம் நாள் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

நடுவில் ஒரு காய்ச்சலில் முந்நூறு கிராம் இறங்கியது. எல்லோரும் பயந்துபோனார்கள். ஆனாலும் மார்கழியில் ஒன்பது கிலோ எண்ணூறு. நாடா பச்சையில் நின்றது. பார்வதி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பழைய எடையை எழுதியதை ஜெயசித்ரா தானாகவே மேற்பார்வையாளரிடம் சொல்லித் திருத்தினார். திட்டு விழுந்தது, வேலை போகவில்லை. இப்போது எடை குறைந்த ஒவ்வொரு பிள்ளையின் வீட்டுக்கும் போய்வருகிறார்.

ஒருநாள் அங்கன்வாடியில் கண்ணகியின் கையைப் பிடித்துக்கொண்டு, “அன்னிக்கு நீ மட்டும் வரலன்னா நான் இன்னமும் வெறும் நம்பரத்தான் எழுதிக்கிட்டு இருந்திருப்பேன்” என்றார்.

கண்ணகிக்கு வெட்கமாகிவிட்டது. “போங்க டீச்சர்” என்று சிரித்துக்கொண்டே வெளியே பார்த்தாள். வாசலில் பிள்ளைகளோடு ஐந்தாறு பெண்கள் காத்திருந்தார்கள். அத்தனை பேரையும் அவள்தான் கூட்டி வந்திருந்தாள்.