வளைவில் உயரும் கை

என் சித்தப்பா ஒரு தனியார் மழைக்காட்டுக் காப்பகத்தில் வழிகாட்டி. வருகிறவர்களைக் காட்டுக்குள் நடத்திக் கூட்டிப்போவார். அவர்கள் தங்கும் மர அறைகளைக் கூட்டிப் பெருக்கி, சமைத்துப் போடுவது சித்தி. படிப்பை முடித்துவிட்டு வேலைக்கு அலைந்துகொண்டிருந்த நான், கொஞ்ச நாள் இருந்துவிட்டு வரலாமென்று போயிருந்தேன்.

"பட்டதாரி மேடம், படுத்துப் படுத்துப் பாயைத் தேய்க்காதே. சித்தப்பா கூடப் போயிட்டு வா. அவர் முதுகை விட்டு நகராதே" என்றாள் சித்தி.

"அட்டை கடிக்குமே சித்தி."

"உன் உடம்புல இருக்கிற ரத்தத்துக்கு அதுதான் ஏமாந்து போகும்."

சித்தப்பாவுக்கென்று ஒரு முறை உண்டு. வளைவு வந்தால் வலது கையை உயர்த்துவார். எல்லோரும் மூச்சடக்கி நிற்க வேண்டும். அப்பால் யானை நிற்கிறதா என்று காது கொடுத்துக் கேட்பார். கை இறங்கினால்தான் அடுத்த அடி. அவரோடு போன யாருக்கும் இதுவரை ஒரு கீறல் விழுந்ததில்லை.

அன்று எங்களோடு ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். குழந்தை அப்பாவின் தோளில்.

மூங்கில் புதர் வளைவில் கை உயர்ந்தது. நின்றோம். இலைகளிலிருந்து நீர் சொட்டியது. திடீரென்று, மிக அருகில், மூங்கில் ஒன்று படாரென முறிந்தது.

சித்தப்பாவின் கை இறங்கியது. "வாங்க, வாங்க."

என் காதின் மேலேயே எனக்குச் சந்தேகம் வந்தது. அவருக்குத் தெரியாததா எனக்குத் தெரிந்துவிடப் போகிறது? குழந்தையின் அப்பாவும் தயங்கினார். ஆனால் கை இறங்கிவிட்டதே என்று காலை எடுத்து வைத்தார். மறுபடியும் முறியும் சத்தம். சித்தப்பாவின் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்தேன்.

திரும்பியவர் என் கண்ணைப் பார்க்கவில்லை, உதட்டைப் பார்த்தார். "யானை" என்று உதட்டை அசைத்தேன். அவர் முகம் வெளுத்தது. மூங்கிலுக்கு நடுவே சாம்பல் நிறத்தில் ஏதோ அசைய, எல்லோரும் பின்னோக்கி அடியெடுத்து, தங்கும் இடத்துக்கு வந்து சேர்ந்தோம்.

"நீங்க இல்லாட்டி நாங்க செத்திருப்போம்" என்று குழந்தையின் அம்மா அழுதபடி சித்தப்பாவைக் கும்பிட்டாள். சித்தப்பா பொதுவாகச் சிரித்து வைத்தார்.

சமையலறைக்கு ஓடினேன். "சித்தி, சித்தப்பாவுக்குக் காது..."

"தெரியும்." வெங்காயம் நறுக்கும் கை நிற்கவில்லை. "குக்கர் விசில் கூட அந்த மனுஷனுக்குக் கேக்கிறதில்ல. பின்னே உன்னை எதுக்கு அனுப்பினேன்? முதலாளிக்குத் தெரிஞ்சா வேலையும் போச்சு, இந்த வீடும் போச்சு."

"நான் ஊருக்குப் போனப்புறம்?"

கத்தி நின்றது.

வாசலில் சித்தப்பா. "நாளைக்குப் பெரிய கூட்டம்மா. வர்றியா?" என்றார் சத்தமாக. தலையை ஆட்டி மறுத்துவிட்டு முதலாளியின் அறையை நோக்கி நடந்தேன். இவர்கள் சோற்றைத் தின்றுவிட்டு நான் செய்வது சரிதானா? பின்னால் அவருடைய பூட்ஸ் சத்தம் வந்துகொண்டே இருந்தது.

தட்ட உயர்ந்த என் கையை அவர் மெல்லப் பிடித்து இறக்கினார். பிறகு அவரே கதவைத் தட்டினார்.

"உள்ள வாங்க" என்று குரல் வந்தது.

சித்தப்பா அசையாமல் நின்று என் உதட்டைப் பார்த்தார்.