காற்றுக்குத் திரும்பாத கம்பம்

போய்ச் சேர்ந்த என் தம்பியைப் பற்றி நினைவு நோட்டீசுக்கு நாலு வரி எழுதச் சொன்னார்கள். ‘அவர்’ என்றுதான் எழுத வேண்டுமாம். இடுப்பில் தூக்கித் திரிந்தவனை ‘அவர்’ என்றால் அவனே எழுந்து வந்து சிரிப்பான். உறவுக்காரர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எழுமலையில் எட்டு மாதத்திலேயே பிறந்துவிட்டான். அவசரம் அப்போதே உண்டு. எங்கள் ஐயா தவறியபின் மதுரைக்கு வந்து வேலை பழகி, தெற்குவாசல் பக்கம் சைக்கிள் கடை வைத்தான். சின்ன வயதிலிருந்தே இளைப்பு. ஊரார் சைக்கிளுக்கு அடித்த காற்றில் பாதி அவன் நெஞ்சில் இருந்திருந்தால் நூறு வயது இருந்திருப்பான்.

ரங்கூனில் குண்டு விழுந்ததும் அங்கே இருந்த என் மூத்த மகனின் கடிதம் நின்றுபோனது. அங்கிருந்து காட்டு வழியாக நடந்து வந்து சேர்ந்தவர்களின் பெயரை ரேடியோவில் வாசிப்பதாக யாரோ சொன்னார்கள். நான் வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்தபடி இருந்தேன். தம்பி பழைய ரேடியோ ஒன்று வாங்கினான். மொட்டை மாடிச் சுவரில் பதித்த பெரிய குழாய்க்குள் நெட்டைக் குழாய் ஒன்றை நிறுத்தி, உச்சியில் குறுக்குச் சட்டம் வைத்து ஏரியல் கம்பி கட்டினான். திருச்சிக்கு ஒரு பக்கம், டெல்லிக்கு ஒரு பக்கம் திருப்ப வேண்டும். பக்கவாட்டில் ஒரு திருகாணிதான் பிடிமானம்.

ஆடி பிறந்தது. காற்று சட்டத்தைத் தள்ள, உள் குழாய் வழுக்கித் திரும்பிவிடும். சேதி கேட்கிற நேரத்தில் வெறும் இரைச்சல். அவன் மாடிக்கு ஓடித் திருப்பி, முடுக்கி, மூச்சு வாங்க இறங்குவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். மூன்று நாள் முடுக்கினான். நான்காம் நாள் விரலை மோந்தபடி இறங்கி வந்தான்.

“யக்கா, ஆடிக் காத்துக்கு வெளக்கெண்ண வாசம் வருமா?”

“மருதக் காத்துல எது வேணாலும் வரும்டா” என்றேன்.

குழாய் கிரீச்சிடுகிறதே, சுற்றுகிற சாமானுக்கு எண்ணெய் விடுவதுதானே என்று ஒரு கரண்டி ஊற்றியிருந்தேன். அவன் திட்டவில்லை. சீமெண்ணெயால் துடைத்து, இடுக்கில் பழைய டியூப் துண்டைச் செருகினான். பெருங்காற்றில் அதுவும் வழுக்கியது. துளை போட்டால் குழாய் பலம் போகும் என்று தயங்கியவன், கடைசியில் பக்கத்துப் பட்டறை பாயிடம் போனான். வெளிக் குழாயில் ஒரு துளை. உள் குழாயில் ஊருக்கு ஒரு துளை. இரண்டும் நேரானதும் குறுக்கே ஒரு போல்ட். அதன்பின் எந்தக் காற்றும் அசைக்கவில்லை.

ஆனால் ஒவ்வொரு முறையும் ஏறித்தான் போல்ட்டை உருவ வேண்டும். நெஞ்சு விசிலடிக்க ஏறினான். கேட்டது போதும், விட்டுவிடு என்றேன்.

“எம் மருமயன் காட்டுல நடக்குறான்க்கா. நான் பதினெட்டுப் படி ஏற மாட்டனா?” என்றான்.

இரண்டு ஆடி தாண்டியும் ஏறினான். போன மாதம் படுத்தபோதும், கம்பம் எந்தப் பக்கம் பார்க்கிறது என்றே கேட்டான். சாயங்காலச் சேதிக்கு முன்னால் போய்விட்டான்.

இளைப்புக்கு மருந்து தந்த டாக்டருக்கும், கடையடைத்துத் தோள் கொடுத்த சைக்கிள் கடைக்காரர்களுக்கும், பட்டறை பாய்க்கும், தூரத்திலிருந்து வந்த சொந்தங்களுக்கும் கும்பிடு.

என் மகன் பெயரை இன்னும் வாசிக்கவில்லை. எனக்கு முழங்கால் மடங்காது. சாயங்காலம் தெற்குவாசல் பக்கம் வருகிறவர்கள் ஒரு நடை மாடியேறி, கம்பத்தை டெல்லிப் பக்கம் திருப்பிவிட்டுப் போங்கள், காப்பி தருகிறேன். போல்ட்டை மறக்காமல் போடுங்கள். இந்த வருஷம் வைகாசியிலேயே காற்று எடுத்துவிட்டது.