முதல் பந்தைப் போடுவது யார்

இன்வர்லானி கோல்ஃப் கிளப்பை, விடுமுறைக்குச் சக்கர வீடுகளை வாடகைக்கு விடும் கேரவன்காரர்களுக்கு விற்றாகிவிட்டது என்ற செய்தியை, அந்தக் கிளப்பின் செயலாளரான இஷ்பெல் ஸ்வாங்கி கறிக்கடை வரிசையில் நின்றுதான் தெரிந்துகொண்டாள். அவளுக்கு முன்னால் நின்ற இரண்டு பெண்கள், கடலை ஒட்டிய கடைசிக் குழிப் பக்கம் எத்தனை கேரவன் நிறுத்தலாம் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். கடைக்கார எக் லோனி அவளுக்கான பிரைடி என்ற கறிப்பணியாரத்தைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டே, "வேற வேலை ஏதும் பாத்துட்டியா இஷ்பெல்?" என்று அக்கறையாக விசாரித்தார்.

வேலை போகப்போகிறவளிடம் ஊர் காட்டுகிற அக்கறை இருக்கிறதே, அது வேலை போவதைவிட மோசமானது. செயலாளருக்கே தெரியாமல் விற்றார்கள் என்றால், செயலாளரையும் சேர்த்தல்லவா விற்றிருப்பார்கள்?

பிரைடியைச் சாப்பிடாமலே விசாரணைக்குக் கிளம்பினாள். எக் இதை முடிதிருத்தும் கடையில் கேட்டிருந்தார். அங்கே சொன்னது கிளப் கேப்டனின் மனைவி. அவளுக்குச் சொன்னது கேப்டன். கேப்டன் ரானல்ட் மெஃபன் ஓய்வுபெற்ற பல் டாக்டர். யார் பேசினாலும் கண்ணைப் பார்க்காமல் பல்லைப் பார்ப்பார்.

"எனக்குச் சொன்னது நீதானே?" என்றார் அவர், அவளுடைய கடைவாய்ப் பக்கம் பார்த்தபடி. "கிறிஸ்துமஸ் விருந்துல. இப்படி ஒருத்தரும் ஆட வரலேன்னா பேசாம கேரவன் நிறுத்த விட்டுடலாம்னு சொன்னியே. நான் அதை வீட்ல சொன்னேன். அவ்வளவுதான்."

ஷெர்ரி ஒயின் உள்ளே போன வேளையில் சலிப்பில் அவள் சொன்ன பேச்சு அது. ஊரெல்லாம் சுற்றி, போகிற இடமெல்லாம் விருந்து சாப்பிட்டு, அடையாளம் தெரியாமல் கொழுத்து அவளிடமே திரும்பி வந்திருந்தது. இஷ்பெல் பாதி மூச்சு விட்டாள். மீதி மூச்சை விடக் கேப்டன் இடம் கொடுக்கவில்லை. வதந்தி காதில் விழுந்து, நிஜமாகவே ஒரு கேரவன் பூங்கா முதலாளி போன் செய்திருந்தார். புதன்கிழமை காலையில் இடத்தைப் பார்க்க வருகிறாராம்.

"மைதானம் காலியா கிடக்கறதை அந்தாளு பாத்துட்டா, கமிட்டிகிட்ட நான் என்னன்னு பேசறது? நீ எதாவது செய்."

கிளப்பில் உறுப்பினர்களுக்குக் குறைவில்லை. சந்தா கட்டுவதே ஒரு தேகப்பயிற்சி என்று நம்புகிற நல்லவர்கள் அவர்கள். ஆடத்தான் வருவதில்லை. அடிக்கடி ஆடினால் ஆயுள் கூடும் என்று இஷ்பெல் முன்பொரு முறை எல்லோருக்கும் மின்னஞ்சல் அனுப்பினாள். ஏற்கெனவே போதுமான வயதாகிவிட்டது என்று ஒருவர் பதில் போட்டார். ஆட வருகிறவர்களுக்குக் காபி இலவசம் என்றாள். வந்தார்கள், குடித்தார்கள், இன்னொரு பிஸ்கட் கேட்டார்கள், மட்டையைக் காரிலிருந்து இறக்காமலே வீட்டுக்குப் போனார்கள்.

இந்த முறை அவளுக்கு ஆசை காட்டிக்கொண்டிருக்க நேரமில்லை. போனை எடுத்து, நெடுநாளாய்த் தலைகாட்டாத நோரி கத்ரியைக் கூப்பிட்டாள். நோரி படகு கட்டும் பட்டறையில் இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு காலத்தில் புயலிலும் ஆடியவர். முதலில் முழங்கால் வலி என்றார். பிறகு தோட்டத்தில் வேலை என்றார். இஷ்பெல் போனை வைக்காமல் சும்மா இருந்தாள். அந்த ஊர்க்காரர்களிடம் சும்மா இருந்தால் போதும், உண்மை தானாக வரும்.

"கம்ப்யூட்டர்ல இடம் பிடிக்கப் போனா, கூட ஆடறது யாருன்னு கேக்குது," என்றார் நோரி. "யார் பேரைப் போடறது? எப்பவும் கூட ஆடின டேவி செத்துப்போயிட்டான். மத்தவங்க எல்லாரும் அவங்கவங்க செட்டுல இருக்காங்க."

"ஏதாவது ஒரு செட்டுல சேத்துக்கச் சொல்லிக் கேளுங்களேன்."

"கேக்கறதா?" அவர் குரலில் உண்மையான அதிர்ச்சி இருந்தது. "நாம என்ன அமெரிக்காக்காரங்களா, இஷ்பெல்?"

அடுத்தடுத்து அவள் போன் செய்த வீடுகளிலும் முழங்காலும் தோட்டமும்தான் முதலில் வந்தன. கொஞ்சம் பொறுத்தால், கூட ஆடியவர் இறந்துபோனதோ, மகளோடு கிளாஸ்கோவுக்குக் குடிபோனதோ வந்தது. ஒருவரும் சோம்பேறி இல்லை. ஒருவரும் கேட்கத்தான் மாட்டார்கள். சேர்த்துக்கொள்ள இஷ்டப்படுகிறவர்களும் கூப்பிட மாட்டார்கள். கூப்பிட்டால் அவர் மறுக்க முடியாமல் தவிப்பாரே என்ற பெருந்தன்மை.

கம்ப்யூட்டர் வருவதற்கு முன்னால் இந்தத் தொல்லை இருந்ததில்லை. முதல் குழிக்கு அடிக்கிற மேடைக்குப் பக்கத்தில் சாய்வாக ஒரு குழாய் இருக்கும். வருகிறவர் தன் பந்தை அதில் போட்டுவிட்டு நிற்பார். பந்துகள் உருண்டு வரிசையாக நிற்கும். முன்னால் நிற்கிற நாலு பந்துக்காரர்கள் சேர்ந்து ஆடப் போவார்கள். யாரும் யாரையும் கேட்க வேண்டாம். கூட ஆட ஆளில்லை என்று யாரும் யாரிடமும் சொல்ல வேண்டாம். பழி எல்லாம் குழாய் மேல். அந்தக் குழாயில் இப்போது குடைகள் செருகியிருந்தார்கள். இஷ்பெல் குடைகளைப் பிடுங்கி வெளியே போட்டாள். புதன்கிழமை காலை கம்ப்யூட்டருக்கு விடுமுறை, பந்தோடு வரவும் என்று எல்லோருக்கும் சொல்லி அனுப்பினாள். தன் செட்டு கலைந்துவிடுமே என்று கேப்டன் முனகினார். இடம் விற்றுப்போனால் கேரவனில் எல்லோரும் சேர்ந்தே இருக்கலாம் என்றாள் இஷ்பெல்.

புதன்கிழமை கடலிலிருந்து வந்த பனிமூட்டம் கவிந்திருந்தது. இஷ்பெல் விடியலிலேயே வந்து ஜன்னலோரம் நின்றாள். ஒரு கார் வந்தது. இன்னொன்று வந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே கார் நிறுத்துமிடம் நிறைந்துவிட்டது. அவளுக்கு அழுகை வரும் போலிருந்தது. ஆனால் ஒரு கதவும் திறக்கவில்லை.

காரணம் புரிய அவளுக்குக் கொஞ்சம் நேரமாயிற்று. முதல் பந்தைப் போடுகிறவர் ஆடத் தவிக்கிறவர் என்று ஆகிவிடும். இன்வர்லானியில் எதற்கும் தவிப்பதாகக் காட்டிக்கொள்ளக் கூடாது. ஆகவே எல்லோரும் கண்ணாடியை ஏற்றிவிட்டு, பிளாஸ்கைத் திறந்து, தற்செயலாகக் கடல் பார்க்க வந்தவர்கள் மாதிரி மூட்டத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கேப்டனும்தான்.

அந்த நேரம் பார்த்துக் கேரவன் முதலாளி வந்து சேர்ந்தார். மழைக்கோட்டு போட்ட, மலர்ந்த முகமுள்ள மனிதர். காலியான புல்வெளியைப் பார்த்தார். நிறைந்திருந்த கார்களைப் பார்த்தார். இஷ்பெலின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"அருமையான இடம்மா. பாருங்க, சும்மா உக்காந்து கடல் பாக்கவே இத்தனை பேர் வர்றாங்க. இவங்களுக்கு ஒரு கூரையும் அடுப்பும் போட்டுக் குடுத்தா போதும், போகவே மாட்டாங்க. நான் நினைச்சதைவிட நல்லாவே ஓடும்."

ஊரைத் திரட்டியவள் இஷ்பெல். திரட்டி, அவர் கையில் கொடுத்திருக்கிறாள். ஒரு நிமிஷம் என்று சொல்லிவிட்டு, ஓடக் கூடாது என்று நினைத்துக்கொண்டே ஓடி, முதல் காரின் ஜன்னலைத் தட்டினாள். நோரி கண்ணாடியை விரல் அளவுக்கு இறக்கினார்.

"ஒரு பந்து குடுங்க, நோரி."

"எதுக்கு?"

"நான் ஆடப் போறேன்."

"நீ மட்டையைத் தொட்டே வருஷக்கணக்காச்சே." அவர் வேண்டாவெறுப்பாகப் பைக்குள் துழாவினார். "இது புதுசு. ஒரு கீறல் கிடையாது. எனக்குத் திரும்ப வேணும்."

அவள் எல்லோரும் பார்க்கக் குழாயடிக்குப் போய்ப் பந்தைப் போட்டாள். அது கடகடவென்று உருண்டு அடியில் முட்டியது. அவ்வளவுதான். எங்கோ ஒரு கார்க் கதவு திறந்தது. பிறகு எல்லாக் கதவுகளும் திறந்தன. முதலாவதாகப் போகக் கூச்சப்பட்ட ஊர், கடைசியாகப் போய்விடக் கூடாதே என்று பையைத் தோளில் மாட்டிக்கொண்டு விரைந்தது. அடிதடியில்லாத குறையாகப் பந்துகள் விழுந்தன. நோரி போட்ட இன்னொரு பந்து கறிக்கடை எக் லோனியின் பந்துக்குப் பின்னால் நின்றது. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டார்கள். அந்த ஊர்க் கணக்குக்கு அது கட்டித் தழுவல்.

முதல் பந்து இஷ்பெலுடையது என்பதால் அவள் அடித்தே ஆகவேண்டியிருந்தது. கேப்டனின் மட்டையை இரவல் வாங்கினாள். பின்னால் ஊரே நின்றது. பக்கவாட்டில் கேரவன் முதலாளி நின்றார். கண்ணை மூடிக்கொண்டு வீசினாள். பந்து அழகாகக் கிளம்பி, வளைந்து, மூட்டத்துக்குள் போயிற்று. கொஞ்சம் கழித்துக் கடல் பக்கமிருந்து 'தொளக்' என்று ஒரு சத்தம் கேட்டது.

யாரும் சிரிக்கவில்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

"கோடையில ஒரு தடவை வந்து பாக்கறேன்," என்று சொல்லிவிட்டு முதலாளி காரில் ஏறினார். வேண்டாம் என்றும் சொல்லவில்லை, வேண்டும் என்றும் சொல்லவில்லை. கமிட்டியும் கோடை வரை பொறுக்கலாம் என்றது. அதனால் இஷ்பெல் ஒவ்வொரு புதன்கிழமையும் விடியலில் ஜன்னலோரம் நிற்கிறாள். கார்கள் வந்து, கதவுகள் திறக்கிற வரைக்கும் அங்கிருந்து நகர்வதில்லை.

அவற்றில் ஒரு கதவு நோரியுடையது. வந்ததும் அவர் நேராக அலுவலகத்துக்குத்தான் வருகிறார்.

"என் பந்து?"

அதே கம்பெனிப் பந்து புதிதாக வாங்கித் தருகிறேன் என்று முதல் வாரமே சொன்னாள். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. இரவல் கொடுத்தது அந்தப் பந்தை, வேண்டியதும் அந்தப் பந்துதான் என்கிறார்.

"கடல் வத்தினதும் தேடிப் பாக்கறேன், நோரி."

"பாரு. அடுத்த புதன் வந்து கேக்கறேன்."