நாலு ஆள் பாரம்

அறந்தாங்கியில் புதுக்கோட்டை ரோட்டோரம் தகரக் கொட்டகை போட்டு மோட்டார் ரிப்பேர் பார்த்துவந்த சேவுகன் யாரையும் லேசில் நம்பமாட்டார். கடையில் வாங்கிய கறியை வீட்டுக்குப் போகும் வழியில் வேறொரு கடைத் தராசில் இன்னொரு தடவை நிறுத்துப் பார்ப்பார். அவர் மனைவி பொன்னுத்தாய்க்கு இதில் வெட்கம் பிடுங்கித் தின்னும்.

பிறவிக் குணம் என்று சொல்ல முடியாது. முன்பு புதுக்கோட்டையில் ஒரு பஸ் கம்பெனியில் பிட்டராக இருந்தார். அங்கே ஸ்டோரைப் பார்த்துக்கொண்டவர் பழைய சாமானுக்குக் கறுப்புப் பெயிண்ட் அடித்துப் புதுசென்று கொடுத்துவந்தார். அப்படிக் கொடுத்த, இரும்பு பிளேட்டுகளை அடுக்கிய ஸ்பிரிங் பட்டை ஒன்று திருமயத்துக்குப் பக்கத்தில் உடைந்து, பஸ் பள்ளத்தில் சாய்ந்தது. பழி, அதை மாட்டிய சேவுகன் மேல் விழுந்தது. நாற்பத்தொன்பதாம் வருஷம் அவர் வேலையில்லாமல் ஊர் திரும்பினார். அன்றிலிருந்து எந்தச் சாமானையும் நகத்தால் சுரண்டிப் பார்க்காமல் அவர் வாங்கியதில்லை.

ஐம்பத்தாறாம் வருஷம் சித்திரையில் ரைஸ் மில் நாகராசு தன் பச்சை எம்.ஜி. காரைக் கொட்டகையில் கொண்டுவந்து விட்டார். திருச்சியிலிருந்து சீமைக்குக் கிளம்பிய ஒரு வெள்ளைக்கார இன்ஜினீயரிடம் வாங்கிய வண்டி. நீண்ட மூக்கு, கம்பிச் சக்கரம், உட்கார இரண்டே இடம். சுற்று வட்டாரத்தில் அதற்கு ஜோடி கிடையாது. பின்பக்கத்து ஸ்பிரிங் பட்டை இரண்டும் வளைவு போய்த் தட்டையாகிக் கிடந்தன. மாற்ற வேண்டும் என்றார் நாகராசு.

"நாலு ஆள் பாரம் ஏத்துனாலும் பின்னாடி தணியக் கூடாது மேஸ்திரி. பாக்கிறவன் கண்ணுக்கு வண்டி மட்டமா நிக்கணும்."

இரண்டு பேர் வண்டிக்கு எதற்கு நாலு ஆள் பாரம்? சேவுகன் கேட்கவில்லை. வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தார். சட்டமும் அச்சும் மோதாமல் இருக்க வைத்த ரப்பர் நசுங்கிப் பிளந்திருந்தது. அடித்தகடு முழுக்க வெள்ளையாக உப்பு பூத்திருந்தது. இருக்கைக்குப் பின்னால் பெட்டி வைக்கிற பள்ளத்தில் சாக்கு விரித்திருந்தது. அதன் மடிப்பில் சுருட்டிக்கட்டுகிற வெள்ளைத் துணி நாடா ஒரு முழம் கிடந்தது. வெள்ளிக்கிழமைதோறும் நாகராசு டிரைவர்கூட இல்லாமல் தனியாக மீமிசல் பக்கம் போய்வருவது ஊருக்கே தெரியும். மீமிசலுக்கு எதிர்க்கரை இலங்கை. இத்தனை சின்ன இடத்தில் அடங்கி, சீமை ஸ்பிரிங்கையே தட்டையாக்குகிற சரக்கு தங்கத்தைத் தவிர வேறு என்ன என்று சேவுகன் தனக்குள் முடிவு கட்டினார்.

நாகராசுக்கும் சேவுகன் மேல் சந்தேகம்தான். மேஸ்திரி கமிஷன் அடிப்பார் என்று நினைத்து, தானே திருச்சிக்கு ஆளனுப்பி ஒரு ஜோடி வாங்கிவந்தார். மில் கணக்குப்பிள்ளை பெரியண்ணனைக் கொட்டகையில் ஸ்டூல் போட்டு உட்காரவும் வைத்தார். சேவுகன் திருச்சிப் பட்டையைச் சுரண்டினார். கறுப்புக்கு அடியில் சிவப்புப் பெயிண்ட் தெரிந்தது. இருக்க வேண்டியதைவிட இரண்டு பிளேட் அதிகம். ஏதோ கனத்த வண்டியின் பட்டையை நீளம் குறைத்து, போல்ட் நுழைகிற முனைக்கண்ணைப் புதுசாகச் சுருட்டியிருந்தார்கள்.

சொன்னால் நாகராசு நம்பமாட்டார் என்று மாட்டியே காட்டினார். ஆளில்லாத பின்பக்கம் ஒவ்வொரு குழிக்கும் துள்ளியது. கட்டுமாவடி ரோட்டு வளைவில் சக்கரம் தரையை விட்டு நழுவியது. நாகராசு ஸ்டியரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டு, பாரம் ஏறினால் சரியாகிவிடும், இதுவே இருக்கட்டும் என்றார். மெட்ராசில் அந்த வண்டிக்கென்றே வந்த அசல் பட்டை கிடைக்கும் என்று சேவுகன் சொன்னதும் அவர் முகம் மாறியது. அதில் ஒனக்கு எவ்வளவு என்று கேட்காத குறை.

அன்று சாயங்காலமே சேவுகன் பெயர் போடாமல் சுங்க ஆபீசுக்கு ஒரு தபால் கார்டு எழுதினார். பச்சைக் கார், வெள்ளிக்கிழமை, மீமிசல் ரோடு. பிடிபட்டால் இந்த ஸ்பிரிங்கை யார் மாட்டியது என்றுதான் முதலில் கேட்பார்கள். மறுபடி ஒரு பழியைச் சுமக்க அவர் தயாராக இல்லை. கார்டைப் போட்டுவிட்டுப் பழைய பட்டையையே திரும்ப மாட்டினார். நாகராசு வந்து சத்தம் போட்டபோது, என்ன ஏற்றுகிறீர்கள் என்று தெரியாமல் எதையும் மாட்ட முடியாது, வேண்டாமென்றால் வண்டியை எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்.

நாகராசு குரலைத் தணித்துக்கொண்டார். "வெள்ளிக்கிழமை கூட வாங்க. நீங்களே பாத்துக்கங்க" என்றார்.

கார்டு போய்ச் சேர நாளாகும் என்று சேவுகன் கணக்குப் போட்டார். என்ன சரக்கு என்று கண்ணால் பார்க்கும் ஆசையும் விடவில்லை. போனார்.

மீமிசலுக்கு வெளியே ஒரு தென்னந்தோப்பில் வண்டி நின்றது. கீற்றுக் குடிசையிலிருந்து மூன்று பேர் வெளியே வந்தார்கள். கைகால்களில் வெள்ளைத் துணி சுற்றியிருந்தது. முன்னால் வந்தவருக்குப் புருவமே இல்லை. அந்த முகத்தில் நாகராசின் சாடை இருந்தது.

"எங்க அண்ணன் முத்துராமன்" என்றார் நாகராசு. "பினாங்குக்குப் போனவரு திரும்பலைன்னு ஊருல சொல்லி வச்சிருக்கோம். மருந்துக்கு வாராவாரம் பாதிரியார் ஆஸ்பத்திரிக்குப் போகணும். பஸ்ஸுல ஏத்தமாட்டேங்கிறாங்க. மத்த ரெண்டு பேரையும் விட்டுட்டுப் போக அண்ணனுக்கு மனசில்லை."

பெருவியாதி, குஷ்டம். சேவுகனுக்கு உடம்பு கூசியது. ஒரு வாரமாக அந்தச் சாக்கையும் நாடாவையும் புரட்டிய கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். அப்படியே திரும்பி நடந்துவிடலாமா என்றுகூட நினைத்தார்.

"எடை பாக்கணும்னா நாங்க ஏறி உக்காரணும்ல?" என்று முத்துராமன் கேட்டார். குரலில் குத்தல் இல்லை. மெதுவாகக் காலைத் தூக்கிவைத்து முன்னிருக்கையில் ஏறினார். மற்ற இருவரும் பின்பள்ளத்தில் காலைவிட்டு விளிம்பில் உட்கார்ந்தார்கள்.

சேவுகன் மண்டி போட்டார். ஒரு வேப்பங்குச்சியை அச்சுக்கும் சட்டத்துக்கும் நடுவே நிறுத்தி, ஆள் இல்லாதபோது எவ்வளவு, ஒருவர் ஏறினால் எவ்வளவு, எல்லோரும் ஏறினால் எவ்வளவு என்று கத்தியால் கோடு கிழித்தார். கடைசிக் கோட்டில் ஒரு விரல்கூட நுழையவில்லை. இத்தனை வருஷமும் அந்த மூன்று பேரும் ஒவ்வொரு குழியிலும் இரும்பு இரும்போடு மோதுகிற அடியை முதுகில் வாங்கியிருக்கிறார்கள்.

வண்டியில் சேவுகனுக்கு இடமில்லை. பின்னால் வந்த பஸ்ஸில் ஏறினார். நாலு மைல் தாண்டியதும் பஸ் வேகம் குறைந்தது. ரோட்டோரம் சுங்க ஜீப் நின்றது. அதை அடுத்துப் பச்சைக் கார். மூன்று பேரையும் வெயிலில் இறக்கிவிட்டு, ஒரு சிப்பாய் கிட்டே போகாமல் நீளக் கம்பால் சாக்கைக் கிளறிக்கொண்டிருந்தான். பஸ்ஸில் இருந்தவர்கள் எழுந்து எட்டிப் பார்த்தார்கள். அது ரைஸ் மில் மூத்தவராயிற்றே என்று யாரோ ஒருவர் சொன்னார். சேவுகன் தலையைக் குனிந்துகொண்டார்.

பொழுது சாய்வதற்குள் விஷயம் ஊர் முழுக்கப் பரவிவிட்டது. மில்லுக்கு நெல் வருவது பாதியாகக் குறைந்தது. காட்டிக்கொடுத்தது யார் என்று தேடிய நாகராசு, கொட்டகையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்த பெரியண்ணன்தான் என்று அவரை வேலையை விட்டு நிறுத்தினார். பெரியண்ணன் அழுதுகொண்டே கொட்டகை வழியாகப் போவதைப் பார்த்த சேவுகன் அன்று நேரத்திலேயே கொட்டகையைப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போனார். நடந்ததைப் பொன்னுத்தாயிடம் சொன்னார். அவள் திட்டவில்லை. போய்ச் சொல்லிட்டு வாங்க என்று மட்டும் சொன்னாள்.

மில் வாசலில் நின்றே சொன்னார். "அந்தக் கார்டு நான் எழுதுனதுங்க. பெரியண்ணன் மேல தப்பில்லை."

நாகராசு அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். மறுநாள் பெரியண்ணன் வேலைக்குத் திரும்பினார். சேவுகனை யாரும் கூப்பிடவில்லை.

ஒரு மாதம் கழித்து ஒருநாள் காலையில் கொட்டகை திறக்கப் போனால் பச்சைக் கார் வாசலில் நின்றது. முன்னிருக்கையில் மெட்ராஸ் பார்சல். அசல் பட்டை, எண்ணெய்க் காகிதம் பிரிக்காமல் இருந்தது. அதையும் சேவுகன் சுரண்டித்தான் பார்த்தார். பிறகு அன்று வேப்பங்குச்சியில் கிழித்த கோடுகளை வைத்து, ஒவ்வொரு பட்டைக்கும் அடியில் குட்டையான பிளேட் ஒன்று சேர்த்தார். ஆளில்லாதபோது அது சும்மா இருக்கும். பாரம் ஏறும்போது மட்டும் தாங்கும். மாட்டி முடித்துத் தானே மீமிசலுக்கு ஓட்டிப் போனார். மூன்று பேரும் ஏறினார்கள். இரண்டு விரல் இடைவெளி மிச்சம் இருந்தது.

அதன்பின் நாகராசு மில்லை விட்டு நகர முடியாத வெள்ளிக்கிழமைகளில் சேவுகனே வண்டியை எடுத்தார். ஆரம்பத்தில் வீட்டுக்கு வந்ததும் கையைக் கார்பாலிக் சோப்பால் மூன்று தடவை கழுவினார். வருஷக்கணக்கில் ஓட்டியபின் அது ஒன்றாகக் குறைந்தது. ஆஸ்பத்திரி மாத்திரை அசல்தானா என்று கம்பவுண்டரைத் துளைத்து எடுப்பதை மட்டும் அவர் விடவில்லை. அறுபதாம் வருஷம் முத்துராமனுக்கு நோய் நின்றுவிட்டது என்று எழுதிக் கொடுத்தார்கள். அந்தக் காகிதத்தையும் சேவுகன் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். முத்துராமன் சிரித்துவிட்டார்.