ஏழு எண்ணுத நேரம்

குருவம்மாள் பதினெட்டு வருஷமாகத் தரையில் உட்கார்ந்து சரவெடி பின்னுகிறவள். சாத்தூர்ப் பக்கத்துக் கிராமம். காலையில் கம்பெனி வேன் வந்து ஏற்றிக்கொண்டு போகும், சாயங்காலம் கொண்டுவந்து இறக்கும். அந்த வேன் படியில் ஏறும்போதுதான் வலது முழங்கால் முதல்முதலாகக் 'களுக்' என்றது. மூட்டுல எண்ணெய் வற்றிப்போச்சு என்று அவளே தீர்ப்புச் சொல்லிக்கொண்டு, மருந்துக்கடையில் வெள்ளை மாத்திரை ஒன்று, மஞ்சள் மாத்திரை ஒன்று என இரண்டு வருஷத்தை ஓட்டினாள். ஆஸ்பத்திரிக்குப் போனால் காலை அறுத்துப்போடுவார்கள் என்று பயம். லேசுப்பட்ட பயம் இல்லை.

மாசி மாதம் ஒரு மத்தியானம், காற்றில் தகரக் கதவு ஒன்று 'டமார்' என்று அடித்தது. வெடித்தொழிலில் இருக்கிறவர்களுக்கு அந்தச் சத்தம் போதாதா? நாலு பேர் வேலை செய்யும் அந்த அறையில் அப்போது உட்கார்ந்திருந்த மூணு பேரில் ரெண்டு பேர் ஆளுக்கொரு வாசல் வழியாக வெளியே பாய்ந்துவிட்டார்கள். நாலாவது ஆளான பஞ்சம்மாள் தண்ணீர் குடித்துவிட்டு வாசலிலேயே நின்றிருந்ததால் எழுந்திருக்கிற பாடு இல்லாமல் தப்பித்தாள். குருவம்மாள் மட்டும் சுவரில் கையை ஊன்றி, எழுந்தும் எழாமலும் பாதியில் நின்றாள். ஒன்றும் நடக்கவில்லை, வெறும் கதவுதான். ஆனால் போர்மேன் காளீஸ்வரன் அதைப் பார்த்துவிட்டான்.

"யக்கா, ஓட முடியாத ஆள உள்ள வச்சுக்கிட்டு நான் எப்படி நிம்மதியா இருக்க? சுவரப் பிடிக்காம எந்திரிக்க முடிஞ்சா வாங்க. இல்லாட்டி வேண்டாம்."

அவன் சொன்னதில் தப்பே இல்லை. அதுதான் அவளுக்கு எரிச்சலாக இருந்தது. போதாக்குறைக்கு பஞ்சம்மாள், "பல்லி கணக்கா சுவர்ல ஒட்டிக்கிட்டு நின்னாளே!" என்று வேன் பூராவும் சொல்லிச் சிரித்தாள்.

வேலை போய்விடும் என்ற பயம் வந்ததும் கத்திப் பயம் எங்கே போனதோ தெரியவில்லை. பெரியாஸ்பத்திரி டாக்டர் படம் எடுத்துப் பார்த்தார். "தேய்மானம்தான். இப்ப ஆபரேஷன் எதுக்கு? தொடைச் சதை வலுவானா மூட்டுக்குப் பாரம் குறையும். கண்ட மாத்திரையும் திங்காதீங்க. தரையில உட்காராதீங்க" என்று சொல்லிப் பயிற்சி அறைக்கு அனுப்பினார். அங்கே வேல்விழி என்ற பெண், அவளை நாற்காலியில் உட்காரவைத்துக் காலை நேரே நீட்டச் சொன்னாள். பத்து எண்ணும் வரை நிறுத்தி வைக்கணும், இறக்கணும். அப்படிப் பத்துத் தடவை. காலையில் ஒருமுறை, சாயங்காலம் ஒருமுறை.

குருவம்மாள் கல்யாணத்துக்கு முந்தித் தீப்பெட்டி அடைத்தவள். வேலை என்றாலே அவளுக்குக் குரோசுக் கணக்குதான். குரோசு என்றால் நூற்று நாற்பத்து நாலு. பத்தெல்லாம் ஒரு எண்ணிக்கையா? சேத்துச் செஞ்சா சீக்கிரம் குணமாகிரும் என்று, காலையில் ஒரு குரோசு, சாயங்காலம் ஒரு குரோசு தூக்கினாள். நாலாம் நாள் முழங்கால் பன்னு மாதிரி வீங்கிப்போய், பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டுதான் ஆஸ்பத்திரிக்கு வந்தாள்.

வேல்விழிக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. "ஏம்மா, பீஸ் ரேட்டுக்கா கால் தூக்குனீக? இது நாள் சம்பளம்மா. கூடச் செஞ்சா கூடக் கிடைக்காது, ஒரு நாள் விட்டா குறையும்."

அந்தப் பாஷை அவளுக்குப் புரிந்தது. வீக்கம் வடிந்த பிறகு பத்தே பத்து, ஒரு நாள் தவறாமல். வேறு வழியில்லாமல் தரையில் உட்கார்ந்தால், எழும்போது சுவருக்குப் பதிலாகத் தன் தொடையிலேயே கையை ஊன்றி எழுவதையும் வேல்விழி காட்டிக்கொடுத்தாள். சித்திரை போனது, வைகாசி போனது. வலி ஓடிவிடவில்லை, ஆனால் அடங்கிக் கிடந்தது.

ஆனியில் சீசன் சூடுபிடிக்கும் நேரம் கம்பெனிக்குப் போனாள். "எந்திரிங்க பாப்போம்" என்றான் காளீஸ்வரன். தரையில் உட்கார்ந்தாள். நல்ல காலை முன்னால் வைத்து, தொடையில் கை ஊன்றி, உதடு அசைய எண்ணிக்கொண்டே எழுந்தாள். சுவரைத் தொடவே இல்லை.

"அம்புட்டுதான்! ஒங்க எடத்துல உக்காருங்க யக்கா." அவனுக்கும் சந்தோஷம்தான்.

அவள் உட்காரவில்லை. வெளியே போய், பெஞ்சில் இருந்த தண்ணீர்க் குடத்தைக் கீழே இறக்கிவிட்டு, அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தாள். உடனே எழுந்தாள். "ஒண்ணு" என்றாள்.

"என்ன ஒண்ணு?"

"பெஞ்சுல இருந்து எந்திரிக்க ஒண்ணு எண்ணுத நேரம் போதும் தம்பி. தரையில இருந்து ஏழு ஆகுது. மூணு மாசம் பாடுபட்டும் ஏழு. நெருப்பு ஏழு எண்ணுத வரைக்கும் நிக்குமா?" என்று கேட்டுவிட்டு மறுபடி பெஞ்சில் உட்கார்ந்தாள்.

உட்கார்ந்து பின்ன அவள் பெஞ்சு கேட்கிறாள் என்று காளீஸ்வரனுக்குப் புரிந்தது. பெஞ்சு என்றால் மேசையும் வேணும், முதலாளியிடம் போய் நிற்கணும். "ஒரு ஆளுக்காக எப்படிக்கா கேக்குறது?" என்றான்.

உள்ளே பஞ்சம்மாள் பின்னிக்கொண்டிருந்த சரத்தை மெதுவாகக் கீழே வைத்தாள். சுவரில் கையை ஊன்றினாள். பல்லைக் கடித்துக்கொண்டு அவள் எழுந்து முடிப்பதற்குள் குருவம்மாள் பதினொன்று எண்ணிவிட்டாள். பஞ்சம்மாள் காளீஸ்வரனைத் தாண்டி, காலை இழுத்து இழுத்துப் பெஞ்சுப் பக்கம் வந்தாள்.

"கொஞ்சம் தள்ளி உக்காரு புள்ள" என்றாள்.